தள்ள ஆள் இல்லாத இடத்தில் வண்டி ஓட்டுவது

பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போன வேன், குதிரைமொழித் தேரிக்குள் தடம் மாறி, பின் சக்கரம் இரண்டும் மணலில் இறங்கி நின்றுவிட்டது. தேரியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: சாத்தான்குளம், திசையன்விளை, உடன்குடி சுற்றுவட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச்செவேல் என்று கிடக்கும் மணல்மேடு. பனையும் கொல்லாமரமும் உடைமரமும்தான் துணை. மணல் பருக்கை ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் துரு படிந்திருப்பதால் அந்த நிறம்.

டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் கீழே போயிற்று. கடைசியில் பனை ஓலையும் மட்டையும் பொறுக்கிவந்து டயருக்கு அடியில் திணித்து, எட்டு பேர் தோள் கொடுத்துத் தள்ளி வெளியே எடுத்தோம். பொங்கல் வைக்க வேண்டிய பானை மடியிலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்து, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் கேட்டான்: "மாமா, செவ்வாய்ல இதே மாதிரி மாட்டிக்கிட்டா யாரு தள்ளுவா?"

நல்ல கேள்வி. செவ்வாயும் இரும்புத் துருவால்தான் சிவந்திருக்கிறது. அங்கேயும் வண்டி ஓடுகிறது, மணலில் மாட்டவும் செய்கிறது. தள்ள ஆள்தான் இல்லை. அந்தக் குறையோடு வேலை பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஓர் இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்துப் பாசடீனா ஊரை ஒட்டி இருக்கிறது அது. பெயர் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி, சுருக்கமாக ஜேபிஎல். மனிதர் ஏறாத விண்கலங்களைக் கட்டுவதும், கட்டிய பிறகு வருடக்கணக்காக இங்கிருந்தே அவற்றை நடத்துவதும் அதன் வேலை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ராக்கெட் வேறு, விண்கலம் வேறு. நம் பக்கத்து மகேந்திரகிரியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். பணகுடி, காவல்கிணறு வழியாக நாகர்கோவில் போகும்போது மேற்கே தெரியும் மலை. அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட்டின் திரவ எஞ்சின்களையும், கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சின்களையும் தரையில் இறுக்கிக் கட்டிவைத்து எரித்துப் பார்ப்பது அங்கேதான். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக, விகாஸ் என்ற திரவ எஞ்சினை 2021 ஜூலையில் 240 விநாடி நேரம் விடாமல் எரித்துப் பார்த்ததும் அங்கேதான். அதெல்லாம் ராக்கெட் வேலை. ராக்கெட் என்பது பாரம் சுமந்து போய் இறக்கிவிட்டுத் தன் காரியத்தை முடித்துக்கொள்ளும் லாரி. அது இறக்கிவிடும் சரக்குதான் விண்கலம். லாரிக்கு வேலை சில நிமிடங்கள், மிஞ்சிப்போனால் சில மணி நேரம். சரக்குக்கு வேலை பத்து வருடம், இருபது வருடம், சில சமயம் அரை நூற்றாண்டு.

வேடிக்கை என்னவென்றால், ஜேபிஎல் தன் பெயரில் உந்துவிசையை வைத்துக்கொண்டு ராக்கெட் செய்வதில்லை. பெயர் பழைய கதை. 1936 அக்டோபர் 31 அன்று ஃபிராங்க் மலீனா என்ற மாணவரும் கூட்டாளிகளும் ஊருக்கு வெளியே அரோயோ செக்கோ என்ற ஓடைக்குள் ஒரு சின்ன ராக்கெட் எஞ்சினைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு 'வறண்ட ஓடை' என்று பொருள். நம் நம்பியாறு மாதிரி, மழை பெய்தால்தான் தண்ணீர் பார்க்கும். கல்லூரிக்குள் இந்த வெடி வேலை வேண்டாம் என்று வெளியே அனுப்பப்பட்ட அந்தக் கூட்டத்துக்கு சக மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'தற்கொலைப் படை'. அந்தக் காலத்தில் ராக்கெட் என்றாலே படித்தவர்கள் சிரிப்பார்கள். அதனால் ஆய்வகத்துக்குப் பெயர் வைக்கும்போது கௌரவமாக 'ஜெட்' என்று போட்டுக்கொண்டார்கள். 1958 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1 மேலே போனது. அதைக் கட்டியது இவர்கள்தான். அதே வருடக் கடைசியில் நாசாவோடு சேர்ந்தார்கள். ராக்கெட்டை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, சரக்கின் பக்கம் வந்துவிட்டார்கள்.

நாசாவோடு சேர்ந்தார்கள் என்றாலும், இன்றைக்கும் அங்கே வேலை பார்ப்பவர்கள் கால்டெக் என்ற கல்வி நிறுவனத்தின் ஊழியர்கள். பணமும் திட்டமும் நாசாவுடையது, நிர்வாகம் கால்டெக்குடையது. பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அரசு உதவி பெறும் பள்ளி நடக்கிற மாதிரிதான், கிட்டத்தட்ட.

சரி, வண்டிக்கு வருவோம்.

ரிமோட் கிடையாது

நிறையப் பேர் மனதில் இருக்கும் படம் இதுதான்: பெரிய திரை, அதன் முன்னால் ஒருவர் கையில் ஜாய்ஸ்டிக், அவர் இடது பக்கம் ஆட்டினால் செவ்வாயில் வண்டி இடது பக்கம் திரும்புகிறது. அப்படி ஒன்று நடக்கவே நடக்காது. காரணம் ஒளியின் வேகம். ரேடியோ அலையும் ஒளியின் வேகத்தில்தான் போகும், விநாடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். செவ்வாய் நமக்கு அருகில் வரும்போது ஐந்தரைக் கோடி கிலோமீட்டர், தள்ளிப்போகும்போது 40 கோடி. ஆகவே இங்கிருந்து ஒரு சொல் போய்ச் சேர 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். நெல்லை ஜங்ஷனில் பஸ் ஏறி பாளை மார்க்கெட்டில் இறங்குகிற நேரம். அதன் பதில் திரும்பி வர இன்னொரு பஸ். 'குழி இருக்கு' என்று வண்டி சொல்வது நம் காதில் விழும்போது வண்டி அந்தக் குழிக்குள் விழுந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

அப்படியானால் எப்படி ஓட்டுகிறார்கள்? சிட்டை எழுதி அனுப்புகிறார்கள். பலசரக்குக் கடைக்குப் பிள்ளையை அனுப்பும்போது கையில் கொடுத்துவிடுகிற அதே சிட்டைதான்.

இதை வாயால் சொன்னால் மருமகனுக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் வீட்டு முற்றத்தில் ஒரு விளையாட்டு நடத்தினோம். அவன் தங்கைதான் வண்டி. அவன் பின்கட்டு அறையில் உட்கார்ந்து தாளில் எழுத வேண்டும், அவள் தாளில் இருப்பதை மட்டும் செய்ய வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. முதல் சிட்டை: 'நேரே பத்து அடி. இடப்பக்கம் திரும்பு. ஆறு அடி. கீழே இருப்பதை எடு.' அவன் மனதில் இருந்தது செம்பருத்திச் செடி ஓரம் கிடந்த பந்து. அவள் அடி சின்ன அடி. நாலாவது அடியில் நேராக ஆச்சி காயப்போட்டிருந்த கூழ்வத்தலுக்குள் இறங்கி, குனிந்து ஒரு வத்தலையும் எடுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, கண்ணு தெரியலையா?" என்று அடுக்களையிலிருந்து ஆச்சி.

"தெரியுது ஆச்சி. சிட்டைல எழுதலையே."

நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். கண் இருப்பது வேறு, கண்ணில் பட்டதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருப்பது வேறு.

இரண்டாவது சிட்டையில் மருமகன் உஷாராகி, 'கீழே ஏதாவது கிடந்தால் நின்றுவிடு' என்று ஒரு வரி சேர்த்தான். அவள் வாசற்படி தாண்டவே இல்லை. படியில் செருப்பு கிடந்தது. நின்றுவிட்டாள். அவன் உள்ளே காத்துக்கொண்டே இருந்தான். அவள் வெளியே நின்றுகொண்டே இருந்தாள். விண்கலங்களும் இப்படிச் செய்வதுண்டு. மனதுக்கு ஒத்துவராத எதைக் கண்டாலும், அவசியமில்லாத கருவிகளை அணைத்துவிட்டு, பூமியோடு பேச வழி வைத்துக்கொண்டு, அடுத்த உத்தரவு வரும்வரை அடங்கிக் கிடக்கும். இதைப் 'பாதுகாப்பு நிலை' என்பார்கள். 'கோளாறாகி நின்றது' என்று செய்தி வரும்போது பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். வாசற்படியில் செருப்பைப் பார்த்து நிற்கிறது. அசட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் நிற்கத் தெரிந்த வண்டியை மறுநாள் நகர்த்திவிடலாம், வத்தலுக்குள் இறங்கிய வண்டியை ஒன்றும் செய்ய முடியாது.

நிஜ வேலையும் இதே ஒழுங்கில்தான் போகிறது. செவ்வாயில் சாயங்காலம் ஆனதும் வண்டி அன்றைய படங்களை, தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் வேறு கலங்களின் வழியாகப் பூமிக்கு அனுப்பிவிட்டு உறங்கப் போகும். அது உறங்கும் நேரத்தில் இங்கே கூட்டம் கூடும். எந்தப் பாறையைத் தொடுவது என்று விஞ்ஞானிகளுக்குள் வாக்குவாதம். எவ்வளவு மின்சாரம் மிச்சம் இருக்கிறது என்று இன்னொரு பக்கம் கணக்கு. கியூரியாசிட்டி வண்டியின் அணுவெப்ப மின்கலம் போய் இறங்கிய புதிதில் கொடுத்ததே சுமார் 110 வாட்தான், நம் வீட்டு சீலிங் ஃபேன் ஒன்றரைக்குத்தான் காணும். அதற்குள் வண்டியும் ஓட வேண்டும், படமும் எடுக்க வேண்டும், குளிரில் மூட்டுகளைச் சூடாக்கவும் வேண்டும். வண்டி ஓட்டுபவர்கள் இரட்டைக் கேமரா படங்களை வைத்து மேடு பள்ளத்தை முப்பரிமாணத்தில் பார்த்து, ஒவ்வொரு திருப்பத்தையும் எழுதி, கணினியில் ஓட்டிப் பார்த்து, செவ்வாயில் விடியும்போது சிட்டையை அனுப்புவார்கள்.

இதில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. செவ்வாயின் ஒரு நாள் நம் நாளைவிடச் சுமார் 40 நிமிடம் நீளம். புதிதாக ஒரு வண்டி இறங்கியதும் முதல் சில மாதம் இந்தக் குழுவினர் செவ்வாய் நேரத்துக்கே வாழ்வார்கள். இன்று காலை எட்டு மணிக்கு வேலை என்றால் நாளை எட்டு நாற்பது, மறுநாள் ஒன்பது இருபது, இருபத்து நாலு நாளில் நடுராத்திரி. ஷிப்டு வேலை பார்த்தவர்களுக்கு அந்தத் தலைவலி தெரியும்.

வேகம் என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். கியூரியாசிட்டி சமதரையில் முழு வேகத்தில் போனாலே விநாடிக்கு 4 சென்டிமீட்டர். ஆனித் திருவிழாவில் முட்டுக்கட்டை போட்டுப் போட்டு நகரும் நெல்லையப்பர் தேர் இதற்கு எக்ஸ்பிரஸ். 2004இல் இறங்கிய ஆப்பர்ச்சுனிட்டி 14 வருடத்துக்கு மேல் ஓடிச் சேர்த்த தூரம் 45 கிலோமீட்டர் சொச்சம். நெல்லையிலிருந்து கிளம்பியிருந்தால் இன்னும் தூத்துக்குடி போய்ச் சேர்ந்திருக்காது. ஆனால் அதற்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுளே 90 செவ்வாய் நாள்தான்.

சமீபத்திய வண்டிகளுக்குச் சிட்டை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. 2021 பிப்ரவரி 18 அன்று இறங்கிய பெர்செவரன்ஸுக்கு 'அந்த மேட்டுக்குப் போ' என்றால் போதும், ஓடிக்கொண்டே படம் எடுத்து வழியைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அது ஓடிய தூரத்தில் பெரும்பகுதி அப்படி ஓடியதுதான்.

மாட்டிக்கொண்டால்?

இப்போது மருமகன் கேட்ட கேள்வி. ஆப்பர்ச்சுனிட்டியின் இரட்டைப் பிறவி ஸ்பிரிட். 2004 ஜனவரியில் இறங்கியது. 2006இல் அதன் வலப்பக்க முன் சக்கரம் நின்றுவிட்டது. ஓட்டுபவர்கள் யோசித்து, வண்டியைப் பின்பக்கமாக ஓட்ட ஆரம்பித்தார்கள். நின்றுபோன சக்கரம் கலப்பை மாதிரி மண்ணைக் கீறிக்கொண்டே வந்தது. 2007இல் அந்தக் கீறலில் வெள்ளை வெளேர் என்று மண் தெரிந்தது. சோதித்தால் கிட்டத்தட்ட முழுக்க சிலிக்கா. வெந்நீர் ஊற்றோ நீராவியோ இருந்த இடத்தில்தான் அப்படிப் படியும். உடைந்த சக்கரம் இல்லாவிட்டால் அந்த மண் வெளியே வந்திருக்காது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2009 மே மாதம் ஸ்பிரிட் மேலே கெட்டியாகவும் கீழே பொலபொலவென்றும் இருந்த மண்ணில் கால் வைத்து இறங்கிவிட்டது. அச்சு அசலாக எங்கள் வேன் கதை. எங்கள் டிரைவர் செய்ததை அவர்கள் செய்யவில்லை. முதல் வேலையாக ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்கள். பிறகு ஆய்வகத்தில் ஒரு பெட்டி நிறைய, செவ்வாய் மண்ணைப் போலவே வழுக்கும் நயமான பொடி மண்ணைக் கலந்து நிரப்பி, அதே சரிவில், அதே மாதிரி வண்டி ஒன்றை அதற்குள் மாட்டிவிட்டு, எப்படியெல்லாம் எடுக்கலாம் என்று மாதக்கணக்கில் பழகிப் பார்த்தார்கள். நவம்பரில்தான் மேலே நிஜ வண்டிக்கு முதல் உத்தரவு போனது. சில சென்டிமீட்டர் நகர்ந்தது. அதற்குள் இன்னொரு சக்கரமும் போய்விட்டது, குளிர்காலமும் வந்துவிட்டது. சூரியன் பக்கம் சாய்ந்து நிற்க முடியாததால் மின்சாரம் தீர்ந்தது. 2010 மார்ச் 22 அன்று வந்ததுதான் அதன் கடைசிப் பேச்சு. இரண்டாம் வண்டி ஆப்பர்ச்சுனிட்டியும் 2005இல் ஒரு மணல் திட்டில் இதே போல மாட்டியது. அதை ஐந்து வாரம் பொறுமையாக ஊர்ந்து ஊர்ந்து வெளியே எடுத்துவிட்டார்கள்.

இந்த மாதிரி ஓர் ஆய்வகத்தைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த வாசல் இந்தப் பெட்டி மண்தான். அவர்கள் வண்டியை ஒன்றாகச் செய்வதில்லை. மேலே போகும் வண்டிக்குத் தரையில் ஒரு கூடப்பிறந்தது உண்டு. கியூரியாசிட்டிக்கு மேகி, பெர்செவரன்ஸுக்கு ஆப்டிமிசம் என்று பெயர். ஆய்வக வளாகத்துக்குள்ளேயே பாறையும் மணலும் கொட்டிய ஒரு மைதானம் இருக்கிறது, 'செவ்வாய் முற்றம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். கை எட்டாத வண்டிக்கு ஒன்று என்றால், கை எட்டுகிற வண்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்து முதலில் அதன் மேல் செய்து பார்ப்பார்கள். எட்டு பேர் தோள் கொடுக்க முடியாத இடத்தில், அந்த எட்டு பேரின் வேலையை இப்படித்தான் தரையிலேயே செய்கிறார்கள்.

கட்டும் வேலையைப் பற்றி நிறையச் சொல்லலாம், எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்: தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, தூசி வடிகட்டிய அறை, செவ்வாய்க்கு நம் ஊர்க் கிருமி போய்விடக் கூடாது என்று துடைப்பதும் சூடேற்றுவதும், காற்றை உறிஞ்சிவிட்ட பெரிய கூண்டுக்குள் வைத்து வெயிலும் குளிரும் காட்டுவது. அதை அப்படியே விட்டுவிடுகிறேன். கட்டும்போதே பின்னால் வரப்போகும் கோளாறுக்கு இடம் வைப்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கியூரியாசிட்டிக்கு மூளை இரண்டு. 2013 பிப்ரவரியில் ஒன்றின் நினைவகம் கெட்டதும் மற்றதற்கு மாறிவிட்டார்கள்.

மனிதர் செய்யும் தப்புக்கும் இடம் வைக்கிறார்கள். தூரத்துக் கோள்களைப் பார்க்க அனுப்பிய வாயேஜர் 2 என்ற கலம் கிளம்பியது 1977இல். 2023 ஜூலை 21 அன்று அனுப்பிய ஒரு உத்தரவில் தவறு. கலத்தின் ஆன்டெனா பூமியிலிருந்து வெறும் 2 டிகிரி விலகிவிட்டது. அவ்வளவுதான், பேச்சு அறுந்தது. அப்போது அது ஒளி போய்ச் சேரவே பதினெட்டரை மணி நேரம் ஆகும் தூரத்தில் இருந்தது. பேச்சு அறுந்த கலத்தை எப்படித் திருப்புவது? ஆஸ்திரேலியாவில் கான்பெராவுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ஆன்டெனாவிலிருந்து முழு பலத்தோடு ஒரு 'கூப்பாடு' போட்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவனைக் கூப்பிடுகிற மாதிரி. 37 மணி நேரம் கழித்து, ஆகஸ்ட் 4 அன்று பதில் வந்துவிட்டது. வராமல் போயிருந்தாலும் அக்டோபர் 15 அன்று அது தானாகவே பூமியைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வருடத்துக்குச் சில முறை அப்படித் திரும்பும்படி முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் போகும் மகனிடம் 'நாங்க கூப்பிடலைன்னாலும் நீயா ஒரு போன் போட்டுடு' என்று அம்மா சொல்லி அனுப்புவாள் அல்லவா, அது.

இந்த ஆன்டெனாக்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன: கலிஃபோர்னியாவில் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினில் மாட்ரிட் பக்கம், அப்புறம் கான்பெரா. உலக உருண்டையை ஏறக்குறைய மூன்று சம பங்காகப் பிரித்து நிறுத்தியிருக்கிறார்கள். பூமி சுற்றினாலும் ஏதாவது ஒன்றின் கண்ணில் கலம் பட்டுக்கொண்டே இருக்கும். பெரியவற்றின் குறுக்களவு 70 மீட்டர். இந்தியாவுக்கும் இந்த வகையில் ஒன்று பெங்களூருவுக்குப் பக்கத்தில் பியாலாலுவில் இருக்கிறது, 32 மீட்டர்.

வாயேஜர் 1 இன்னும் தொலைவு. மனிதர் செய்த பொருள்களில் அதைவிடத் தூரம் போனது எதுவும் இல்லை. ஒரு சொல் போக 23 மணி நேரத்துக்கும் மேல். 2023 நவம்பரில் அது அர்த்தமில்லாமல் ஒரே மாதிரி பூஜ்யமும் ஒன்றுமாக உளற ஆரம்பித்தது. மூன்று கணினிகளில் ஒன்றின் நினைவகத்தில் ஒரே ஒரு சில்லு கெட்டிருந்தது. அந்த நினைவகத்தில் 3 சதவீதம். ஆனால் கெட்ட இடத்தில் இருந்த கட்டளைகள் இல்லாமல் அதற்குப் பேச வராது. அந்தக் கட்டளைகளை மொத்தமாகத் தூக்கி வைக்க வேறு எங்கும் இடம் இல்லை. ஒரு செல்போன் படத்தைவிடச் சின்ன நினைவகத்தில் காலி இடம் எங்கே இருக்கும்? எனவே துண்டு துண்டாக வெட்டி, மூலைக்கு ஒன்றாக ஒளித்து வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் அடுத்த துண்டு எங்கே என்று முகவரி மாற்றி எழுதினார்கள். அடுக்களை அலமாரியில் ஒரு தட்டு கரையான் அரித்துவிட்டால், அதில் இருந்த டப்பாக்களை மற்றத் தட்டுகளில் சந்து பார்த்துச் செருகி, மிளகாய்த்தூள் இனிமேல் உப்புக்குப் பின்னால் என்று எல்லோரிடமும் சொல்லி வைப்போம் இல்லையா. 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். ஏப்ரல் 20 அன்று பதில் வந்தது, தெளிவாக.

(வாயேஜரில் 55 மொழிகளில் வணக்கம் சொல்லும் ஒரு தங்கத்தட்டு இருக்கிறது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, தமிழ் இல்லை. இதைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது.)

எல்லாம் வெற்றிக் கதை என்று நினைத்துவிடக் கூடாது. 1999 செப்டம்பரில் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், சேர்ந்த அன்றைக்கே தொலைந்தது. ஒப்பந்த நிறுவனத்தின் மென்பொருள் உந்துதலைப் பவுண்டுக் கணக்கில் கொடுத்தது, ஜேபிஎல்லின் வழிகாட்டும் குழு அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. ஒன்றுக்கு நாலரை மடங்கு வித்தியாசம். 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்கு இறங்கி வளிமண்டலத்தில் மாட்டியது. நம் ஊரில் மரக்காலுக்கு மரக்கால் அளவு மாறி நெல் அளக்கும் களத்தில் சண்டை வந்த காலம் உண்டு. அங்கே சண்டைகூட வரவில்லை, அதுதான் பிரச்சினை. இரண்டு பக்கமும் அளவு ஒன்றே என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கும் முன்னால் நிலாவுக்கான ரேஞ்சர் வரிசையில் முதல் ஆறு கலங்களும் தோற்றன. 1964 ஜூலையில் ஏழாவது கிளம்பியபோது யாரோ கட்டுப்பாட்டு அறையில் கடலை வாங்கிச் சுற்றுக்கு விட்டார்கள். ரேஞ்சர் 7 நிலாவில் மோதுவதற்கு முன் 4,308 படம் அனுப்பியது. அன்றிலிருந்து முக்கியமான நாள்களில் ஜேபிஎல்லில் கடலை கட்டாயம். இவ்வளவு கணக்குப் போடுகிறவர்கள் கடலையை விடுவதில்லை. கோவில்பட்டியிலிருந்து ஒரு பெட்டி கடலைமிட்டாய் அனுப்பிப் பார்க்கலாம் என்று அக்கா சொல்கிறாள்.

கடைசியாக ஒன்று, இது நம் வீட்டுக்குக் கிட்டத்து விஷயம். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நைசார் என்ற செயற்கைக்கோள் போனது. ஜேபிஎல்லும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. இரண்டு ரேடார்களில் ஒன்று அங்கே செய்தது, மற்றது இங்கே. பெங்களூருவில் வைத்துப் பொருத்தினார்கள். ஏற்றிச் சென்றது இஸ்ரோவின் ஜிஎஸ்எல்வி ராக்கெட், அதாவது மகேந்திரகிரியில் எரித்துப் பழகிய எஞ்சின் வகைகளில் ஏறித்தான் போனது. 12 மீட்டர் குடை போன்ற ஆன்டெனா ஒன்றை விரித்துக்கொண்டு, 12 நாளுக்கு ஒருமுறை தரையின் அதே இடத்தைத் திரும்பப் பார்க்கிறது. நிலம் சில சென்டிமீட்டர் அசைந்தாலும் அதற்குத் தெரியும். ரேடார் என்பதால் மேகம் மறைக்காது, இரவும் தடையில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எந்த எந்தத் தெருவுக்குள் நிற்கிறது என்று தெரியாமல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, மேகத்தைத் தாண்டிப் பார்க்கிற கண்ணின் அருமை புரியும்.

தேரிக்குப் போய் வந்து ஒரு வாரம் கழித்து மருமகன் போனோடு வந்தான். செவ்வாய் வண்டிகள் அனுப்பும் படங்களை நாசா அப்படியே இணையத்தில் போட்டுவிடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. அவன் காட்டியது கியூரியாசிட்டியின் சக்கரத் தடம். சிவப்பு மண்ணில் நீளமாகப் போகும் தடத்தில் ஒரு சீரான இடைவெளியில் சின்னச் சின்னப் புள்ளியும் கோடும்.

"டயர் தேஞ்சு போச்சா மாமா?"

இது தேய்மானம் இல்லை. சக்கரத்தில் வேண்டுமென்றே விட்ட துளைகள். மண்ணில் அந்த அச்சு எத்தனை முறை விழுந்திருக்கிறது என்று படத்தில் எண்ணிப் பார்த்தால், வண்டி எவ்வளவு தூரம் நிஜமாகப் போயிருக்கிறது, எவ்வளவு நின்ற இடத்தில் வழுக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்பிரிட் புதைந்த மாதிரி இன்னொன்று புதையாமல் பார்த்துக்கொள்ளலாம். துளைகளின் அமைப்பு மோர்ஸ் எழுத்து என்று மட்டும் சொன்னேன். அவன் மோர்ஸ் அட்டவணையைத் தேடி எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, ஒரு தாளில் குறித்துக்கொண்டே போனான். புள்ளி, கோடு, கோடு, கோடு: ஜே. புள்ளி, கோடு, கோடு, புள்ளி: பி. புள்ளி, கோடு, புள்ளி, புள்ளி.

"எல்," என்றாள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை.